நீர் மாத்திரை

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. கார்த்திகை அமாவாசை. பகலெல்லாம் விட்டு விட்டுப் பெய்த மழை, இருட்டிய பிறகு ஓட்டின் மேல் ஜல்லி கொட்டுவதுபோல் இறங்கியது. கரண்ட் போய்விட்டது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் அங்கேயே நின்றதும், மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்ததும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு நாங்கள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததெல்லாம் எங்கள் வாசற்படியைத்தான். மூன்றாவது படி முழுகியதும் அம்மா அரிசி மூட்டையைக் கட்டிலின் மேல் ஏற்றினாள். அடுத்து ரேஷன் கார்டு. அடுத்து அப்பாவின் மாத்திரை டப்பா. அதைச் சுவரிலிருந்த விளக்கு மாடத்தில், சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

விடிந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மாத்திரைகளில் ஒன்றுகூட நனையவில்லை. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

அப்பாவுக்கு 2016-இல் மாரடைப்பு வந்தது. செஞ்சி நெல் கமிட்டியில் எடை போடுகிற வேலை அவருக்கு. அறுவடைக் காலம். மூட்டைகளுக்கு நடுவில் நெஞ்சை அடைத்திருக்கிறது. வாயு என்று சோடா குடித்தார், வீட்டுக்கு வந்து ஓமத்தண்ணீர் குடித்தார், படுத்தார். இடது தோளிலிருந்து வலி இறங்கி, சட்டை வியர்வையில் ஒட்டிய பிறகுதான் 108-ஐக் கூப்பிட்டோம். செஞ்சி அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, மாத்திரைகளை மெல்லக் கொடுத்து, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தக்கட்டைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் வலி தொடங்கி ஐந்து மணி நேரம் போயிருந்தது. ரத்தம் போகாத இதயத் தசை அதற்குள் செத்து, பிறகு தழும்பாகிவிட்டது. எக்கோவில் "பம்பிங் 35 சதவீதம்" என்றார்கள். நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சுவலி என்று போனால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்துத்தான் மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். அதைப் படித்த அன்று நான் அந்த ஓமத்தண்ணீர் டம்ளரைத்தான் நினைத்தேன். வாசலில் மருந்தே வந்து நின்றாலும், அதை நோக்கி நாம் நடக்க வேண்டுமே.

மாரடைப்புக்குப் பிறகு அப்பாவுக்கு எட்டு வருஷம் மாத்திரைகளோடுதான் ஓடியது. செஞ்சி ராஜகிரி மலையில் கமலக்கண்ணியம்மன் கோயில் வரை நிற்காமல் ஏறியவர், அடிவாரத்தில் உட்கார்ந்து கும்பிடப் பழகிக்கொண்டார். எங்களுக்கு அந்த மாத்திரைகளுக்குப் பெயர் கிடையாது. காலையில் வெள்ளை, சின்ன வெள்ளை, ரோஸ். ராத்திரி நீட்டு மாத்திரை. மருந்துக்கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கிற பக்கம் அங்கேயே நின்றுவிடும், நாங்களும் கேட்டதில்லை. ஒன்றுக்கு மட்டும் பெயர் உண்டு: நீர் மாத்திரை. போட்ட ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை எழுந்து போகவைக்கும் மாத்திரை.

எங்கள் கக்கூஸ் கொல்லையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லை ஒரே வெள்ளம். அப்பா நீர் மாத்திரையை மட்டும் தனியாக எடுத்து, மறுபடி டப்பாவில் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அறுபத்தேழு வயது மனிதர், பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில், இடுப்பளவுத் தண்ணீரில் எத்தனை தடவை போய் வருவார்?

அந்த நாட்களில் யாருக்கும் யாரையும் கவனிக்க நேரமில்லை. அரசூரில் தென்பெண்ணை நெடுஞ்சாலை மேலேயே ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயில் நின்றது. திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் புதைந்த செய்தி வந்தபோது, நமக்குத் தண்ணீரோடு போயிற்றே என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். முழுச் சமையலுக்கு வழியில்லாமல் கஞ்சியும் ஊறுகாயும், மோர்மிளகாயும் பிஸ்கட்டும் தின்றோம். வாளி வாளியாக இறைத்து மூட்டு வலித்ததால், அப்பா பக்கத்து வீட்டில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவர் பாதம் வீங்கியிருப்பதைப் பார்த்தேன். "தண்ணியிலயே நின்னா கால் ஊறாதாம்மா?" என்றார். சரிதான் என்று நானும் சேறு வழிக்கப் போய்விட்டேன். அம்மா மட்டும் நெருஞ்சில் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் ராத்திரி ஒரு மணி இருக்கும். விழித்துப் பார்த்தால் அப்பா படுக்கையில் இல்லை. திண்ணையில், தூணைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் நீர் கொதிப்பதுபோல் சத்தம். "படுத்தா முழுகுற மாதிரி இருக்கு பாப்பா" என்றார். கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினேன். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. ஊறிய காலில் பள்ளம் நிற்காது.

செஞ்சி மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டார்கள். விடிவதற்குள் இரண்டு பாட்டில் நிறைந்தது. மூச்சு சத்தம் அடங்கியது. பிறகு முண்டியம்பாக்கம் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். யாரையும் திட்டவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்: "ஐயா, வயல்ல மோட்டார் சரியா இழுக்கலன்னா கிணத்துல என்ன ஆகும்?"

"தண்ணி ஏறும்."

"உங்க நுரையீரல்ல அதான் ஆச்சு."

இதயம் இழுக்கத் திணறும்போது, உடம்பில் நீர் குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் தப்பாக எடுத்துக்கொள்ளும்; உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். அதை வெளியேற்றத்தான் ஃப்ரூசிமைடு என்ற அந்த நீர் மாத்திரை. அதை நிறுத்தியதோடு ஊறுகாய் உப்பும் சேர்ந்தது. மூட்டு வலிக்குப் போட்ட மாத்திரை சிறுநீரகத்தைக் கட்டி, இன்னும் நீரைத் தேக்கியது. ஐந்து நாளில் நாலரைக் கிலோ ஏறியிருந்தது. அத்தனையும் தண்ணீர்.

பிறகு எங்கள் டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். எனலாப்ரில்: ரத்தக்குழாயைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைப்பது. மெட்டோப்ரோலால்: துடிப்பை நிதானமாக்கி இதயத்துக்கு ஓய்வு தருவது, திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. ஸ்பைரோனோலாக்டோன்: நீர் மாத்திரையோடு பொட்டாசியம் அதிகம் போய்விடாமல் பார்ப்பது. ஆஸ்பிரின் ரத்தம் கட்டாமலிருக்க. ராத்திரி நீட்டு மாத்திரை அட்டோர்வாஸ்டாட்டின், கொழுப்புக்கு. எட்டு வருஷமாக அப்பாவைத் தாங்கிய ஐந்தாறு பேரின் பெயர் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மா தயங்கித் தயங்கிக் கஷாயத்தைப் பற்றிச் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், ஒரு கிழவி வீக்கத்துக்குக் கொடுத்த பச்சிலையிலிருந்து ஒரு செடியைப் பிரித்தறிந்து, எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு தாண்டினால் விஷம் என்று பல வருஷம் பார்த்து 1785-இல் புத்தகமாக எழுதியதைச் சொன்னார். அந்த வகைச் செடியிலிருந்து வந்த டிகாக்சின் இன்றும் கொடுக்கப்படுகிறது. "செடி நல்லதுதாம்மா. அளவுதான் மருந்து. உங்க கஷாயத்துக்கு அளவு எனக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும்."

நான் ஒன்று கேட்டேன்: கக்கூஸ் போக வழியில்லாத நாளில் என்ன செய்வது? "அதை எங்கிட்ட கேட்டிருக்கணும். நேரத்தை மாத்தலாம், வீட்டுக்குள்ள பாத்திரம் வச்சுக்கலாம். நிறுத்துறதை மட்டும் நீங்களா முடிவு பண்ணாதீங்க." இவ்வளவு சின்னப் பதில். அதைக் கேட்க ஒரு வெட்கம் குறுக்கே நின்றதால் அப்பா செத்துப் பிழைத்தார்.

திருவண்ணாமலையில் தீபம் ஏற்றிய டிசம்பர் 13-க்கு முந்தைய நாள் வீட்டுக்கு வந்தோம். சுவரில் வெள்ளம் நின்ற கோடு இருந்தது. அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் மாத்திரைப் பெயர்களைத் தமிழில் எழுதச் சொல்லி, எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடம் செய்தாள். இப்போது மருந்துக்கடையில் அட்டையில் பெயர் இருக்கிற பக்கத்தோடு வெட்டித் தரச் சொல்கிறாள்.

அப்பாவுக்கு எடை மிஷின் ஒன்று வாங்கினேன். காலையில் வெறும் வயிற்றில் ஏறிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் நாள் ஏறி நின்றவர் முள்ளையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஊரார் நெல்லையெல்லாம் எடை போட்டவர். பிறகு கமிட்டியில் கூவுகிற அதே குரலில், உள்ளே அம்மாவுக்குக் கேட்கும்படி கூவினார்:

"அம்பத்தெட்டு!"

அம்மா நோட்டில் எழுதிக்கொண்டாள்.