செங்டு போறீங்களா? 'லா' வேறு, 'மா' வேறு... நாக்கு பத்திரம்!

"காரமா? நாங்க பார்க்காத காரமா?" என்று மார்தட்டிப் போகிறவர்களையும் திகைக்க வைக்கும் ஊர், சீனாவின் செங்டு. சிச்சுவான் மாகாணத்தின் தலைநகர். பாண்டா கரடிகளுக்குப் பேர்போன நகரம். 2010-ல் 'உணவுக்கலை நகரம்' என்ற யுனெஸ்கோ அங்கீகாரத்தை ஆசியாவிலேயே முதலில் பெற்றதும் இதுதான்.

இங்கே ஓட்டலுக்குள் நுழையும் முன் சில சீன வார்த்தைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

லா: மிளகாய்க் காரம். நாக்கு எரியும், கண்ணில் நீர் வரும். நமக்குப் பழகியதுதான்.

மா: இதுதான் புதுசு. 'ஹுவாஜியாவ்' பார்க்க மிளகு போலிருக்கும். ஆனால் மிளகு அல்ல. எலுமிச்சைக் குடும்பத்துத் தாவரத்தின் காய்ந்த காய்த்தோல். கடித்தால் உதடும் நாக்கும் விறுவிறுவென்று மரத்துப்போகும். உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போனாலும் சீனர்கள் இதே 'மா'வைத்தான் சொல்வார்கள். 2013-ல் லண்டனில் நடந்த ஆய்வில், உதட்டில் உண்டாகும் அந்தத் துடிப்பு விநாடிக்குச் சுமார் 50 முறை அதிர்வதற்குச் சமம் என்று கண்டார்கள். அமெரிக்கக் கண்டத்து மிளகாய் சீனாவுக்குக் கப்பலேறி வருவதற்கு வெகுகாலம் முன்பே சிச்சுவானில் 'மா' ருசி இருந்தது.

ஒரு குட்டிச் செய்தி: இந்த ஊரின் புகழ்பெற்ற 'மாபோ டோஃபு'விலும் அதே 'மா' எழுத்துதான். ஆனால், அங்கே பொருள் அம்மைத் தழும்பு! அதைச் சமைத்துப் பேர் வாங்கிய மூதாட்டியின் முகத்தில் தழும்பு இருந்ததாம்.

தாங், ழ: மக்கள் பூங்காவின் டீக்கடையில், மூங்கில் நாற்காலியில் அமர்ந்து மூடிபோட்ட கிண்ணத்தில் டீ குடிக்கும்போது 'தாங்' என்று யாராவது சொன்னால் உஷார், தொட்டாலே சுடும் என்று அர்த்தம். வெயிலில் புழுங்கினால் 'ழ'. ஆமாம், கிட்டத்தட்ட நம்ம 'ழ'வேதான்!

எங்கே சறுக்கும்?

'பு லா' என்றால் 'காரம் வேண்டாம்'. சமையல்காரர் மிளகாயைத்தான் குறைப்பார். ஹுவாஜியாவ் அப்படியே இருக்கலாம். குழந்தைக்கோ வயதானவருக்கோ திடீரென நாக்கு மரத்தால், விஷமோ அலர்ஜியோ என்று குடும்பமே பதறிவிடும். எனவே 'பு லா, பு மா' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். 'வெய் லா' என்றால் கொஞ்சம் காரம். ஆனால், அது செங்டுக்காரர்களின் 'கொஞ்சம்'!

ஹாட்பாட் சாப்பிடுவதானால் 'யுவான்யாங்' பாத்திரம் கேளுங்கள். ஒரு பாதி சிவப்புக் குழம்பு, மறுபாதி காரமில்லாத சூப். சிவப்புக் குழம்பில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு சேரும். தவிர்ப்பவர்கள் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். தொட்டுக்கொள்ளத் தருவது பூண்டு போட்ட எள் எண்ணெய்.

'லா' அதிகமானால் தண்ணீர் உதவாது, பால் குடியுங்கள். 'மா' சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடும். முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ அது 'மா' இல்லை. உடனே மருத்துவரிடம் போங்கள்.