ஆழ்மனத்திடம் கேட்பது

என்.எல்.பி. (நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்) என்ற மனப்பயிற்சி முறை பேசும் ஆழ்மனம் பெரும்பாலும் மில்டன் எரிக்சனுடையது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இருந்த மனநல மருத்துவர் அவர். 17 வயதில் போலியோ தாக்கி உடம்பு முடங்கியது. படுத்தபடியே, நடை பழகிக்கொண்டிருந்த குட்டித் தங்கையைக் கவனித்தார். பாதத்தை எங்கே ஊன்றுகிறாள், எடையை எப்படி மாற்றுகிறாள்? தானும் ஒரு காலத்தில் கற்றதுதானே, உடம்பு அதை மறந்திருக்காது என்று நம்பினார். ஊன்றுகோலோடு எழுந்து நடந்தார்.

ஃபிராய்டுக்கு ஆழ்மனம் என்றால் அடக்கிவைத்த ஆசைகளும் பயங்களும். எரிக்சனுக்கு அது கற்றதையெல்லாம் சேர்த்துவைத்திருக்கும் துணை. இந்த ஒரு மாற்றம்தான் என்.எல்.பி.க்குக் கிடைத்த உண்மையான சொத்து என்பேன்.

என்.எல்.பி.யை உருவாக்கியவர்கள் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் பாண்ட்லரும் ஜான் கிரிண்டரும். அவர்களை எரிக்சனிடம் போகச் சொன்னவர் மானுடவியலாளர் கிரகரி பேட்சன். எரிக்சனின் பேச்சைப் பிரித்து ஆராய்ந்த அவர்களுடைய நூலின் முதல் தொகுதி 1975இல் வந்தது.

ஆழ்மனத்திடம் கேட்க என்.எல்.பி.யில் ஓர் ஆறு படிப் பயிற்சி உண்டு. நகம் கடிப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடி, அந்தப் பழக்கத்தை நடத்தும் பகுதியிடம் பேசச் சம்மதமா என்று உள்ளுக்குள் கேட்கிறார். விரலில் துடிப்போ, எங்காவது ஒரு சூடோ தெரிந்தால் அதுவே பதில். எந்த நன்மைக்காக இதைச் செய்கிறாய் என்று அடுத்துக் கேட்கிறார். அதே நன்மைக்கு வேறு மூன்று வழிகள் தேடப்படுகின்றன. கடைசியில், புதிய வழிக்கு உள்ளே யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்றும் கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவரை அவருடைய சம்மதமில்லாமல் திருத்தக் கூடாது என்ற மரியாதை அதில் இருக்கிறது.

என்.எல்.பி.யில் கண் பார்க்கும் திசையை வைத்து மனத்தைப் படிப்பது வேறு கதை. பொய்யையும் அப்படிப் பிடிக்கலாம் என்று பலர் கற்பித்தார்கள். உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனின் குழு 2012இல் சோதித்தபோது அது தேறவில்லை. இன்னும் கற்பிப்பது தவறு.

ஆழ்மனம் கற்கிறது என்பதற்காவது சான்று உண்டா? எச்.எம். என்ற நோயாளியைப் பார்ப்போம். 1953இல் மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பின் புதிய நினைவுகள் அவரிடம் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை, கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். முன்பு வரைந்த ஞாபகமே இல்லை, கை மட்டும் நாளுக்கு நாள் தேர்ந்தது. நாம் அறியாமல் நம்முள் ஏதோ கற்கிறது என்பதற்கு இது போதும். அதற்கு ஒரு நல்ல நோக்கம் உண்டு என்பதற்கு இது சாட்சியாகாது.

விரல் துடிப்பு விஷயத்திலும் அதே சிக்கல். அசைவை எதிர்பார்ப்பதே தசையை அசைத்துவிடும் என்று உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர் 1852இலேயே எழுதிவிட்டார். பதில் சொன்னது ஆழ்மனமா, எதிர்பார்ப்பா? பயிற்சியில் இருப்பவரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த நேரத்தில் பழக்கத்தின் மேல் இருந்த கோபம் தணிகிறது. வேறு வழியை யோசிக்க அப்போதுதான் இடம் கிடைக்கிறது.