கண்ணாடிக்குள் ஒரு கைரேகை



இந்த முறை சுவர் இதழுக்கு "விடுமுறையில் நான் கற்றது" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நீச்சல், தையல், கேக் எல்லாவற்றையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எழுதிவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது பசை. அதிலும், ஒட்டிப்போன பசையை எப்படி எடுப்பது என்பது. சிரிக்காதீர்கள், முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் தாத்தா விமானப்படையில் ஏர்மேனாக இருந்தவர். விமானம் ஓட்டியவர் இல்லை, ஓட்டுகிறவர்களுக்காக விமானத்தைத் தயார் செய்து கொடுத்தவர். 1971 போர் சமயத்தில் அவர் வேலை பார்த்தது நாட் என்கிற குட்டிப் போர் விமானத்தில். அந்த வருடம் டிசம்பர் 14-ந் தேதி ஸ்ரீநகர் மேலே தனியாக எதிரியின் சேபர் விமானங்களோடு சண்டை போட்டு உயிர் நீத்தாரே நிர்மல்ஜித் சிங் செகோன், அவர் ஓட்டியதும் நாட்தான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா வாங்கியவர் அவர் ஒருவரே. தாத்தா அப்போது வேறு தளத்தில் இருந்தாராம். ஆனாலும் அந்தச் செய்தி வந்த நாளைப் பற்றிக் கேட்டால் இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

சிங்கப்பூரில் இருக்கும் மாமா, தாத்தாவுக்காக அந்த நாட் விமானத்தின் மாடல் கிட் ஒன்று வாங்கி வந்தார். நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு. நீளம் 12 செ.மீ., அதாவது நம் ஸ்கேலை விடச் சின்னது. ஒரு சட்டத்தில் பொடிப் பொடியாகப் பாகங்கள் இருக்கும், வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். பைலட் உட்காரும் இடத்துக்கு மேலே மூடுகிற கண்ணாடி மூடி இருக்கிறதே, அதைக் கேனபி என்பார்கள். அது இந்த மாடலில் புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிசு.

தாத்தாவுக்குக் கை நடுக்கம். ஒட்டியது பெவிக்விக் வகைப் பசை (எந்தக் கம்பெனி டியூப் என்றாலும் நம் ஊரில் பெவிக்விக்தானே). அது சொட்டினால் சொட்டியதுதான். இறக்கையில் இரண்டு இடத்தில் கண்ணீர்த்துளி மாதிரி நின்றுவிட்டது. வால் கோணலாக ஒட்டிக்கொண்டது. கேனபியை ஒட்டி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் உள்ளே பூராவும் பனி மூட்டம். "இனிமே இதெல்லாம் என்னால ஆவாது" என்று பெட்டியோடு பரண் மேலே போடச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை. அதனால்தான் அதைக் கீழே இறக்கினேன்.

முதலில் எல்லோரும் சொன்னது நகப்பாலிஷ் ரிமூவர். அதில் உள்ள அசிட்டோன் இந்தப் பசையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் மாடல் செய்திருப்பது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில். அக்காவின் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, மிச்சமிருந்த சட்டத்துண்டில் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் நெகிழ்ந்து, ரேகை பதிகிற அளவுக்குப் பிசுபிசுத்தது. பசைக்கு முன்னால் விமானமே போய்விடும்! "அசிட்டோன் இல்லாதது" என்று எழுதியிருக்கும் ரிமூவர் என்றால் பரவாயில்லையா என்று வேதியியல் ஐயாவிடம் கேட்டேன். அதில் பெரும்பாலும் எத்தில் அசிடேட் இருக்கும், அதுவும் பாலிஸ்டைரீனை விடாது என்றார். ஆகவே கரைக்கிற வழி மூடிவிட்டது.

வாலுக்கு உதவியது பிரிட்ஜ். இந்தப் பசை நேராக இழுத்தால் யானை பலம், முறுக்கினாலோ சட்டென்று தட்டினாலோ அவ்வளவு தெம்பு கிடையாது. குளிரில் இன்னும் நொறுங்கும் தன்மை வந்துவிடும். விமானத்தை டிபன் பாக்ஸில் வைத்து ராத்திரி முழுக்க பிரீஸரில் விட்டேன். காலையில் அம்மா மீன் என்று நினைத்துத் திறந்து, திட்டி, மூடினார். அப்புறம் வாலை லேசாக அசைத்தேன், 'டக்' என்று சுத்தமாக வந்துவிட்டது. இதே வழியில் கேனபியையும் எடுத்தேன், அதற்கு மட்டும் இரண்டு ராத்திரி ஆனது.

இறக்கையில் நின்ற துளிகள்தான் பொறுமையைச் சோதித்தவை. இந்தப் பசை நாள்பட்டால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகிவிடும். அப்படியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பசை அப்படியே இருக்கும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் பள்ளமாகிவிடும். விழுப்புரத்தில் கார் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். துளியைச் சுற்றி இரண்டு சுற்று செலோடேப் ஒட்ட வேண்டும். புது பிளேடை நிமிர்த்திப் பிடித்து, வெட்டாமல், நம் பக்கமாகச் சுரண்ட வேண்டும். செலோடேப் உயரத்துக்கு வந்ததும் டேப்பை எடுத்துவிட்டு, ஐஸ் குச்சியில் சுற்றிய வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். முதலில் 600 நம்பர், பிறகு 1000, கடைசியில் 2000. அந்தப் பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்துச் சும்மாவே கொடுத்தார். மங்கிப்போன ஹெட்லைட்டை அவர்கள் பளபளப்பாக்குவதும் இப்படித்தானாம். இறக்கையில் உள்ள மெல்லிய கோடுகளுக்குள் போன பசையை மட்டும் தையல் ஊசியால் எடுத்தேன். ஒரு துளிக்கு ஒரு சாயங்காலம் ஆகும். வட்டப்பாறையில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன், மிகைப்படுத்தவில்லை.

இப்போது கேனபிக்கு வருகிறேன். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது உள்பக்கம் வெள்ளை மூட்டத்தின் நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. சுழி சுழியாக, வரைந்து வைத்த மாதிரி. தாத்தாவுடையது.

பசை காய்வது வெயிலில் துணி காய்வது போல இல்லை. காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரம் பட்டுத்தான் அது இறுகுகிறது. இறுகுவதற்குள் கொஞ்சம் ஆவியாகி, மூடிய இடத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து வெள்ளையாகப் படியும். விரல் பட்ட இடத்தில் வியர்வையின் ஈரமும் உப்பும் இருப்பதால் அங்கே கூடுதலாகப் படியும். தடய அறிவியல் துறையில் கைரேகையை வெளிக்கொண்டுவர இந்தப் பசையின் ஆவியையே பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. போலீஸ் லேபில் நடப்பது எங்கள் வீட்டுப் பரணில் தானாகவே நடந்திருக்கிறது!

இன்னொரு வேடிக்கை. 1942-ல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்பவரின் குழு, துப்பாக்கியில் குறி பார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோதுதான் இந்த ரசாயனம் கையில் சிக்கியது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதே என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951-ல் மறுபடி சோதித்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது, 1958-ல் பசையாக விற்பனைக்கு வந்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கைத் தேடப் போய்க் கிடைத்தது, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கையே மங்க வைக்கிறது.

கைரேகையை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. அம்மாவும் "இருக்கட்டும்டி, ஞாபகமா இருக்கும்" என்றார். இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. தாத்தா மட்டும் ஒரே பிடியாக நின்றார்.

"அழிச்சுடு பாப்பா. கேனபியில ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும், மேல போனா அது தூரத்துல வர்ற எதிரி விமானம் மாதிரியே தெரியும். பைலட் அதையே பாத்துக்கிட்டு இருப்பான், நெசமான விமானம் வேற பக்கத்துலேர்ந்து வந்துடும். என் வேலையே அதைத் தொடைக்கிறதுதான். என் கைரேகையையே உள்ள வெச்சு அனுப்பச் சொல்றியா?"

இதற்கு என்ன பதில் சொல்ல? காது குடையும் பஞ்சுக்குச்சியில் வெள்ளைப் பற்பசை (ஜெல் வேண்டாம்) கொஞ்சம் தொட்டு, தண்ணீர் விட்டு, வட்டமாகத் தேய்த்தேன். மூன்று நாள், தினமும் அரை மணி நேரம். ஓரத்தில் ஒட்டியிருந்த கெட்டிப் பசைக்கு மட்டும் 2000 நம்பர் பேப்பர். ஒரு எச்சரிக்கை: காயாத பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள், கை சுடும் அளவுக்குச் சூடேறும். விரலோடு விரல் ஒட்டினால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள்.

முதல் நாளே ரேகை போய்விட்டது. அழித்தது சரிதான் என்று தாத்தா சொல்கிறார். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

கேனபியைத் திரும்ப ஒட்டியது தாத்தாவேதான். இந்தத் தடவை மரவேலைக்குப் போடுகிற வெள்ளைப் பசை. அது மங்க வைக்காது, காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. முக்கியமாக, அவசரப்படுத்தாது. கை நடுங்கிக் கோணலாகப் போனால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். நான்கு தடவை துடைத்தார், ஐந்தாவது தடவை சரியாக உட்கார்ந்தது. முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

விமானம் இப்போது எங்கள் வீட்டு டி.வி. பக்கத்தில் நிற்கிறது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். தாத்தா பாகம் பாகமாகச் சொல்லிக் காட்டுவார், ஒரு மணி நேரமாவது ஆகும். கேனபியை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது அவருடைய உத்தரவு.

பதினொன்றாம் வகுப்பு மாணவி
திருவாமாத்தூர்