பால் தராத பால் சுறா!

என் மனைவிக்குப் பிரசவமான புதிதில் மீன்கார அம்மா, "பால் சுறா வாங்கிப் புட்டு செஞ்சு குடு தம்பி, பால் நல்லா ஊறும்" என்றார். இந்திய நம்பிக்கையாம் இது. அதைக் கேட்டுத்தான் இங்கிலீஷிலும் 'மில்க் ஷார்க்' ஆகிவிட்டது!

1837-ல் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்த ஜெர்மானியர் ரூப்பெலுக்குப் பாலும் தெரியாது, புட்டும் தெரியாது. 'அக்யூட்டஸ்' என்றார். லத்தீனில் கூர்மையானது என்று அர்த்தம். நம் சுறா மலையாளத்தில் ஸ்ராவு, தெலுங்கில் சொர, சிங்களத்தில் மோரா.

தமாஷ் என்னவென்றால், இந்த மீன் குட்டி போடும், பால் தராது! ஏறக்குறைய ஒரு வருஷம் சுமந்தால் பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிதான். பிடிப்பதோ நாம் வருஷம் பூரா. 2020-ல் ஐ.யூ.சி.என். இதை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களில் சேர்த்துவிட்டது.

நம் வீட்டுத் தாய்க்காக வாங்கும் சுறாவும் ஒரு தாயாக இருக்கலாம். பாவம், அதற்குப் பிரசவ லீவு கிடையாதே சார்!