அடுப்படியில் ஐந்தெழுத்து

எமது இளமைப் பருவத்திலே வீட்டில் ஒரு சுவர் மணிக்கூடு இருந்தது. ஆயினும் அதன் ஆட்சி விறாந்தையோடு நின்றுவிட்டது. அடுப்படியில் காலத்தை அளந்தது அம்மாவின் வாய்தான். நீத்துப்பெட்டியில் மாவை நிரப்பிப் பானையின் மேல் ஏற்றியதும், அம்மா 'நமசிவாய' என்று தொடங்குவார். அடுப்பை ஊதும்போதும், தேங்காய் துருவும்போதும், எம்மைப் பார்த்து "முகம் கழுவியாச்சோ தம்பி?" என்று கண்ணாற் கேட்கும்போதும் அது நிற்காது. இருமுறை நூற்றெட்டு ஆனதும் பெட்டி இறங்கும். புட்டு ஒரு நாளேனும் பதந்தவறி வந்ததாக எமக்கு நினைவில்லை.

அம்மா பள்ளிக்கூடம் சென்றது சில ஆண்டுகளே. தீட்சை பெற்றவருமல்லர். மந்திரத்தின் பொருள் யாது என்று எவரேனும் கேட்டிருந்தால், "அது அவருடைய பேர்" என்று சொல்லியிருப்பார்; அதற்கு மேல் சொல்ல அவருக்கு ஒன்றும் இருந்திராது.

நாமோ பொருள் கற்றவர்கள். 1968ஆம் ஆண்டு ஆசிரியராகப் பணியேற்று, சமயபாட வகுப்பையும் பொறுப்பெடுத்தோம். ஆறுமுக நாவலர் (1822–1879) இயற்றிய சைவ வினாவிடைகள் எம் கையை விட்டகலாத காலம் அது. ஐந்தெழுத்தில் நகரம் திரோதான சக்தியையும், மகரம் மலத்தையும், சிகரம் சிவத்தையும், வகரம் திருவருளையும், யகரம் உயிரையும் குறிக்கும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். 'சிவாயநம' என்று மாற்றி எழுதினால் உயிராகிய யகரம் நடுவே நிற்கும். ஒரு பக்கம் சிவமும் அருளும், மறு பக்கம் மறைப்பும் மலமும். இந்தப் பக்கம் திரும்பினால் வீடு, அந்தப் பக்கம் திரும்பினால் பிறவி. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஐந்தெழுத்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார் என்பதையும் சொல்லி வைப்போம். மாணாக்கர் வியந்து பார்ப்பார்கள். அந்த வியப்பு எம்மைக் குறித்தது என்று எண்ணிக்கொண்டோம். இருபத்து மூன்று வயதில் அப்படி எண்ணுவது எளிது.

செபத்தின் முறையையும் கற்பித்தோம். நீராடித் தோய்த்துலர்ந்த ஆடை உடுத்து, திருநீறு தரித்து, கிழக்கு அல்லது வடக்கு முகமாக இருந்து, குருவிடம் பெற்ற முறையிற் செபித்தல் வேண்டும். செபமாலை இல்லாதவர் வலக்கை விரல் இறைகளில் எண்ணலாம். மோதிரவிரலின் நடு இறையிலே தொடங்கிக் கீழிறங்கி, சிறுவிரல் வழியே மேலேறி, மோதிரவிரலின் நுனி, நடுவிரலின் நுனி என்று கடந்து, சுட்டுவிரலின் அடியில் முடித்தால் பத்து. நடுவிரலின் மற்றை இரண்டு இறைகளையும் தொடுவதில்லை. பிறர் செவிக்குக் கேட்கச் சொல்வதிலும், தன் செவிக்கு மட்டும் கேட்க முணுமுணுப்பது உயர்ந்தது. நாவும் அசையாமல் மனத்தில் நினைப்பது அதனிலும் உயர்ந்தது. இவையெல்லாம் சரியானவையே, இன்றும் அவற்றில் ஒன்றையேனும் நாம் மறுக்கவில்லை.

ஒரு நாட்காலை பாடசாலைக்குப் புறப்படுகையில், அடுப்படியில் வழக்கமான ஒலி கேட்டது. அம்மா இன்னும் நீராடியிருக்கவில்லை. ஒரு கையில் அகப்பை. மறு கையில் ஊதுகுழல். முந்தின நாள் வகுப்பிலே சுத்தத்தைப் பற்றிப் பேசியிருந்தோம். அந்தச் சூடு தணியாமல், "அம்மா, மந்திரம் புட்டுக்குக் கணக்குப் பார்க்கிறதுக்கு இல்லை. குளியாமல், அடுப்படியில் நின்று, ஊர் கேட்கச் சொல்லக்கூடாது. முறை தெரியாமல் சொல்லுறதிலும் சொல்லாமல் இருக்கிறது நல்லது" என்றோம்.

அம்மா வாதாடவில்லை. "ஓம் தம்பி. நான் படிக்காதனான். இனிச் சொல்லமாட்டன்" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நாம் அன்றே திருந்தியிருக்கக்கூடும். அதில் இருந்ததோ மரியாதை. படித்த மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

அதன்பின் அடுப்படி மௌனமாயிற்று. முதற்கிழமை புட்டு ஒருநாள் அவியாமலும் ஒருநாள் நீர்கோத்தும் வந்தது. ஐயா ஒன்றும் பேசாமல் உண்டார். பிறகு அதுவும் சரியாகிவிட்டது. மனத்துள் எண்ணினாரோ, விறாந்தைக்கு வந்து மணிக்கூட்டைப் பார்த்தாரோ, நாம் கேட்கவில்லை.

இதிலே நகைப்புக்குரிய ஒன்று உண்டு. அதே ஆண்டு, அதே வகுப்பில், திருஞானசம்பந்தரின் பஞ்சாக்கரத் திருப்பதிகத்தையும் நாம் படிப்பித்தோம். உபநயனச் சடங்கின்போது வேதியருக்கு அவர் அருளியதாகச் சேக்கிழார் கூறும் பதிகம் அது. உறங்கும்போதும் உறங்காதபோதும் ஐந்தெழுத்தை நினைக்கும்படி அது சொல்கின்றது; தும்மலும் இருமலும் வந்த நேரத்தையும் அது விலக்கவில்லை. தும்முகின்றவன் நீராடிவிட்டு வடக்கு நோக்கி அமர்ந்தா தும்முகின்றான்? எண்ணிக்கையோடு செய்யும் செபத்துக்கு விதித்த நியமம் வேறு, எந்நேரமும் நினைந்திருத்தல் வேறு என்பதைப் பதவுரையோடு விளக்கிப் புள்ளியும் இட்டோம். அது எம் வீட்டு அடுப்படிக்கும் பொருந்தும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஆண்டுகள் கடந்தன. ஐயா காலமானார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, எழுபது வயது அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு நாமும் அந்தச் சனத்துள் ஒருவரானோம். மழை பெய்தது. செம்மணியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தை அணுகுமுன், ஓர் அடி வைக்க எத்தனையோ நிமிடங்கள் சென்றன. முன்னால் ஒரு குழந்தை ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. எம் முதுகுக்குப் பின்னால் அந்த ஒலி மெல்ல எழுந்தது. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் கேட்டோம். சேற்றில், நனைந்த சேலையோடு, எந்தத் திக்கு என்று தெரியாத இருட்டில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் திடீரென்று நிறுத்தி, "தம்பி, குளிக்கேல்லை..." என்றார்.

"பரவாயில்லை அம்மா, சொல்லுங்கோ" என்றோம். அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சைக்கிள் சரிந்துவிடாமற் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு.

மறுவருடம் ஊர் திரும்பினோம். அடுப்படியில் அம்மா மீண்டும் சொல்லத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தோம். இல்லை. பாதையிற் கிடைத்த அனுமதி பாதைக்கு மட்டும் உரியது என்று எண்ணிக்கொண்டார் போலும். நாமும் வாய்திறக்கவில்லை. வயது வந்த ஆண்மக்களுக்குத் தாயிடம் 'அன்று நான் சொன்னது பிழை' என்று சொல்வது ஏன் இத்தனை கடினமாய் இருக்கின்றது?

2008ஆம் ஆண்டு அம்மாவைப் பாரிசவாதம் தாக்கியது. வலப்பக்கம் செயலிழந்தது; பேச்சும் போயிற்று. சில நாட்களில் ஒரு சொல் மட்டும் திரும்பியது: 'தண்ணி'. பசித்தாலும் தண்ணி, விளக்கு வேண்டுமென்றாலும் தண்ணி, எம்மை அழைப்பதும் தண்ணி. சொல்ல வந்தது அதுவன்று என்று அவருக்குத் தெரிந்தது, கண்ணீர் வரும்.

ஒரு மாலை, செய்வதறியாது கட்டிலருகே இருந்தபோது, அவருடைய இடக்கைப் பெருவிரல் மற்றை விரல்களின்மேல் ஊர்வதைக் கண்டோம். இறையிலிருந்து இறைக்கு ஒழுங்காக நகர்ந்தது. செபத்துக்கு வலக்கை என்பது முறை. அந்தக் கை கிடந்த நிலையில் முறையை யார் பேசுவது? அவர் செவியருகே குனிந்து "நம..." என்றோம்.

"சிவாய" என்றார் அம்மா. தெளிவாக, எழுத்துக் குறையாமல்.

மீண்டும் சொன்னோம், மீண்டும் முடித்தார். சிறிது நேரத்தில் எம் உதவியின்றித் தாமே முழுவதும் சொன்னார். வைத்தியரிடம் கேட்டபோது, மூளையின் இடப்பக்கத்துப் பேச்சிடம் பழுதடைந்தாலும் நெடுநாட் பழகிய வேண்டுதலும் எண்ணிக்கையும் பாட்டும் சிலருக்குத் தப்பி நிற்பதுண்டு என்று விளக்கினார். அது சரியாகத்தான் இருக்கும். எம் மனம் வேறொன்றையே கணக்கிட்டது: அத்தனை ஆழமாகப் பதிய, நாற்பது ஆண்டுகளாக எமக்குக் கேளாமல் எத்தனை இலட்சம் உரு சொல்லியிருப்பார்!

அன்று கேட்டோம். "அம்மா, அடுப்படியில் சொல்லக்கூடாது என்று நான் சொன்னது பிழை" என்றோம். அவர் எம் முகத்தை நெடுநேரம் பார்த்தார். விளங்கியதோ இல்லையோ, "தண்ணி" என்றார். தண்ணீர் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்து, மறுபடியும் விரலை நகர்த்தத் தொடங்கினார்.

அதன்பின் ஐந்து கிழமை இருந்தார். இறுதியில் வலச்செவியில் ஐந்தெழுத்தை ஓதும் கடமை எம்முடையதாயிற்று. சுண்ணமிடிக்கையில் திருப்பொற்சுண்ணம் பாடியவர்களோடு சேர்ந்து பாட எமக்குக் குரல் வரவில்லை.

இப்போது எம் வீட்டிற் காலைப் புட்டு சில நாட்களில் எம் பொறுப்பு. வாயு அடுப்பு, நீத்துப்பெட்டி மட்டும் பழைய வகை. பேத்தி கைத்தொலைபேசியில் நிமிடம் வைத்துத் தருவதாகச் சொல்வாள். வேண்டாம் என்று, நீராடாமலே நின்று, அவளுக்கும் கேட்க எண்ணுகின்றோம். பேச்சுக் கொடுத்தால் எமக்கு எண்ணிக்கை தவறிவிடுகின்றது. போன ஞாயிறும் நடுவிற் சற்று மாவாகவே இருந்தது.