பெயர் கேட்டு நாணியவன்

நிலவில் சி.வி.ராமனுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. குறுக்களவு சுமார் 10 கிலோமீட்டர். ‘புயல்களின் பெருங்கடல்’ என்று பெயர் பெற்ற கருஞ்சமவெளிப் பக்கத்தில், அரிஸ்டார்க்கஸ், ஹெரடோட்டஸ் என்னும் இரண்டு பெரிய பள்ளங்களுக்கு வடமேற்கே கிடக்கிறது. விளிம்பு சீரான வட்டமல்ல, ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். 1976 வரை அதற்குத் தனிப்பெயர் கிடையாது. பக்கத்துப் பள்ளத்தின் பெயரோடு ஓர் எழுத்தை ஒட்டி ‘ஹெரடோட்டஸ் டி’ என்றே குறித்துவந்தார்கள்.

கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி, விளக்கு வெளிச்சம் எட்டாத இடங்களில் நின்று வளர்பிறைத் துவாதசி, திரயோதசி நிலவைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ராமன் பள்ளம் இருக்கும் ஓரத்தில் வெயில் ஏறுவது அந்த நாட்களில்தான். பைனாகுலரில் அரிஸ்டார்க்கஸ் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நிலவின் இந்தப் பக்கத்துப் பெரிய பள்ளங்களில் அதுவே மிகப் பிரகாசமானது. ராமனைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும். ஆனாலும் திருச்சிக்காரர் ஒருவர் அந்தப் புள்ளிக்கு அருகே இருக்கிறார் என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இன்றும் புழங்கும் நிலவுப் பெயர்களில் பல ரிச்சியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் வைத்தவை. 1651-இல் பொலோனாவிலிருந்து வந்த அவருடைய வானியல் நூலில், நண்பர் கிரிமால்டி வரைந்த நிலவு வரைபடம் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை ரிச்சியோலி ஏற்கவில்லை. எதிர்த்து வாதாடியவர். ஆனாலும் அதைச் சொன்ன கோப்பர்நிக்கஸுக்கு 93 கிலோமீட்டர் அகலமுள்ள அழகான பள்ளத்தைக் கொடுத்தார். அரிஸ்டார்க்கஸையும் கெப்ளரையும்கூட விட்டுவிடவில்லை. கருத்தில் மாறுபட்டவர்களுக்குச் சிறந்த இடத்தை ஒதுக்கிய அந்த மனசு பெரியது.

பெயரையும் பெருமனசையும் நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி நினைவு வந்துவிடும். புறநானூற்றில் வன்பரணர் பாட்டு ஒன்று. வறுமையோடு ஊர் ஊராகத் திரியும் பாணர் கூட்டம் காட்டில் ஒரு வேட்டுவனைக் காண்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. இவன் வெறும் வேட்டுவனாக இருக்க முடியாது, ஓரியாகவே இருக்குமோ என்று ஐயம். யாழையும் முழவையும் எடுத்து முறையாகப் பாடி, கடைசியில் ‘கோ’, அதாவது அரசே, என்று விளிக்கிறார்கள். அது தன்னைக் குறிக்கும் பெயராயிற்றே என்று அவன் நாணிவிடுகிறான். மேற்கொண்டு புகழ விடவில்லை. மான்கறியும் தேறலும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் அந்தக் காட்டுவழியிலேயே அள்ளிக் கொடுக்கிறான். ஐந்து உயிரைத் துளைத்த வில்லைவிட, தன் பெயரைக் கேட்டு வெட்கப்பட்ட அந்த முகத்துக்காகவே இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பின்னாளில் ஓரியைக் காரி என்ற மன்னன் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். மலை கைமாறியது, பெயர் கைமாறவில்லை. இன்றும் ஆடிப் பெருக்கில் செம்மேட்டில் விழா எடுப்பது ஓரிக்குத்தான்.

தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் நிற்பதில்லை, பிறர் நன்றியோடு வைத்ததே நிற்கிறது. பன்னாட்டு வானியல் ஒன்றியமும் நிலவுப் பள்ளங்களுக்கு அறிஞர்களின் பெயரை அவர்கள் மறைந்த பிறகே சூட்டுகிறது. 1970-இல் மறைந்த ராமனுக்குத் தன் பள்ளம் தெரியாது. 1973-இல், இந்திய விண்வெளிப் பணியைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய்க்கும் ஒரு பள்ளம் கிடைத்தது. 2020-இல் சந்திரயான்-2 அதைப் படமெடுத்து, ஆழம் சுமார் 1.7 கிலோமீட்டர் என்று அளந்தது. அவர் தொடங்கிவைத்த பணி அவர் பெயர் தாங்கிய இடத்தை அளந்திருக்கிறது. இதைவிட நல்ல மரியாதை என்ன இருக்க முடியும்?

கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கும் நிலவோடு ஓர் உறவு உண்டு. நிலவின் வெளிறிய மேட்டுநிலம் பெரும்பாலும் அனார்த்தசைட் என்னும் பாறையால் ஆனது. இதே மாவட்டத்தில், சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் அதே வகைப் பாறை கிடைக்கிறது. இஸ்ரோ அதை வெட்டி, பொடியாக்கி, நிலவு மண்ணைப் போலத் தயாரித்துப் பெங்களூருவில் பரப்பியது. நிலவில் இறங்க வேண்டிய கலத்தையும் ஊர்தியையும் அந்த மண்ணில்தான் சோதித்துப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதற்கு நாடே கைதட்டியபோது, சித்தம்பூண்டியை நினைத்தவர்கள் எத்தனை பேர்?

நாமக்கல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை ஒரு நாள் சித்தம்பூண்டிக்கு அழைத்துப் போய் அந்தப் பாறையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஊரின் பெயரை அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள்.