கண்ணாடிக் கதவுகளும் வாயிலில் நின்றவர்களும்

மிலான் நகரத்துப் பெருங்கல்லறைத் தோட்டத்தில் இரும்புக் குழாய்களால் ஆன வெண்ணிறச் சட்டகம் ஒன்று நிற்கிறது. கனசதுர வடிவம், கூரை இல்லை. அதன் நடுவில், மௌத்தாசன் வதைமுகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட மண். நாஜி முகாம்களில் மாண்டவர்களுக்காக 1946இல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் இது. வடிவமைத்தவர்கள், தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘பிபிபிஆர்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட கட்டடக்கலைஞர்கள். நால்வராகத் தொடங்கியவர்கள் அப்போது மூவராகியிருந்தனர். பான்ஃபி, மௌத்தாசனின் கிளை முகாமான கூசனில் 1945இல் இறந்துவிட்டார். எஞ்சியவர்கள் குழுவின் பெயரிலிருந்து அந்த எழுத்தை நீக்கவில்லை.

நவீன இத்தாலிய வடிவமைப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் போருக்குப் பிந்தைய நாற்காலிகளிலும் விளக்குகளிலும் தொடங்குவர். அவை அழகானவைதாம். காஸ்தில்யோனி சகோதரர்களின் ‘ஆர்கோ’ விளக்கை (1962) யார்தான் வியக்கமாட்டார்? அதன் பளிங்கு அடிப்பீடத்தில் ஒரு துளை உண்டு. துடைப்பக் கழியை அதில் நுழைத்து இருவர் தூக்கி நகர்த்தலாம். ஆயினும் நமக்கு இந்தக் கனசதுரத்தில் தொடங்கவே தோன்றுகிறது. காரணம், இதே தெளிந்த கட்டச் சட்டகம் பத்தாண்டுகளுக்கு முன்பு வேறொரு பணிக்குப் பயன்பட்டிருக்கிறது.

கோமோ நகரில் ஜுசெப்பே தெர்ராஞ்ஞி கட்டி 1936இல் முடித்த பாசிசக் கட்சி மாளிகையைச் சொல்கிறோம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 33 மீட்டர். உயரம் அதில் சரிபாதி. அலங்காரம் என்று ஏதுமில்லை. தூணும் உத்தரமும் வெற்றிடமும் ஒளியுமே அதன் சொற்கள். பாசிசம் ஒரு கண்ணாடி வீடு என்ற முசோலினியின் கூற்றைத் தெர்ராஞ்ஞி நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார். சதுக்கத்தை நோக்கிய கண்ணாடிக் கதவுகள் மின்விசையால் ஒருசேரத் திறக்கும். கட்சிப் படையினர் அவற்றின் வழியே அணிவகுத்து வெளிவருவர். இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த கட்டடங்களுள் ஒன்று எனக் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் இதைப் பயில்கின்றனர். தெர்ராஞ்ஞியோ ரஷ்யப் போர்முனையிலிருந்து உள்ளம் சிதைந்து திரும்பி, 1943இல், 39 வயதில் மறைந்தார்.

‘கஸபெல்லா’ இதழை நடத்திய ஜுசெப்பே பகானோவும் அந்தக் கட்சியை நம்பியவரே. நம்பிக்கை கருகியபின் வெளியேறினார், எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார், 1945 ஏப்ரலில் மௌத்தாசனில் உயிர்துறந்தார். ஒரே அழகியலைக் கொண்டாடியவர்களை அது வெவ்வேறு முனைகளில் கொண்டு நிறுத்தியது. வடிவம் தன்னளவில் குற்றமற்றது என்று கூறி நாம் இதைக் கடந்துவிடலாம். ஆனால் அது அத்தனை எளிதன்று. பகைவர் ஊரைக் கழுதை ஏர் பூட்டி உழுத மன்னனைப் புகழும் புறநானூற்றுப் பாடலை நாம் நடத்திக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி எழுந்து, “அந்த ஊர்க்காரங்க என்ன ஆனாங்க, ஐயா?” என்று கேட்டாள். துறையும் அணியும் அதற்கு விடை தருவதில்லை. தெர்ராஞ்ஞியின் கதவுகளைப் படங்களில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியே நம் செவியில் விழுகிறது.

போருக்குப் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. விமானங்கள் செய்துவந்த பியாஜியோவின் பொந்தெதேரா ஆலை குண்டுவீச்சில் தகர்ந்தது. அங்கிருந்த ஹெலிகாப்டர் பொறியாளர் கொர்ரதீனோ தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. எண்ணெய்க் கறை படியாமல், காலைப் பரப்பி ஏறாமல், நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்து செல்ல ஒரு வண்டி வேண்டுமென எண்ணினார். 1946இல் வெஸ்பா பிறந்தது. அதன் முன்சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கி நிற்கும் தண்டு, விமானச் சக்கரங்களிலிருந்து வந்த யோசனை. 1960களில் பஜாஜ் உரிமம் பெற்று இந்தியாவில் அதைத் தயாரித்தது. உரிமம் முடிந்த பின்னும் சேத்தக்கின் உடலில் அந்த இத்தாலிய வளைவு தங்கிவிட்டது. நம் தந்தையார் ஓட்டிய சேத்தக்கில் அம்மா புடவை கசங்காமல் பக்கவாட்டில் அமர்ந்து வந்தார். முன்னால் காலூன்றி நின்றுவந்தது நாம்.

ஆயினும் நம்மை நீண்டநாள் பிடித்துவைத்திருப்பது ஒலிவெத்தி. இவ்ரேயா என்னும் சிற்றூரில் 1908இல் தொடங்கிய தட்டச்சுப்பொறி நிறுவனம் அது. நிறுவனரின் மகன் அத்ரியானோ ஒலிவெத்தி, தொழிற்சாலைக்கும் அழகு உரியது என்று உறுதியாக நம்பியவர். கண்ணாடிச் சுவர் ஆலை, நூலகம், குழந்தைகள் காப்பகம், தொழிலாளர் குடியிருப்பு என ஊரையே சமைத்தார்; மார்ச்செல்லோ நித்ஸோலியைக் கொண்டு ‘லெத்தெரா 22’ (1950) என்ற கையடக்கத் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். கவிஞர்களையும் நாவலாசிரியர்களையும் வேலைக்கு அமர்த்திக்கொண்டார். சினிஸ்கல்லி, ஃபொர்த்தீனி, வொல்பொனி எல்லாரும் ஏதோ ஒரு காலத்தில் அங்கே ஊதியம் பெற்றவர்கள். (இலக்கியம் படித்தவனுக்குத் தொழிற்சாலை நாற்காலி தருவது நமக்குக் கனவிலும் எட்டாத செய்தி.)

1955இல், வறுமை மண்டிய தெற்கில், நேப்பிள்ஸ் அருகிலுள்ள பொட்ஸுவோலியில் ஓர் ஆலை திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் லுயிஜி கொசென்ஸா. தாழ்ந்த கட்டடங்கள், தோட்டம், குளம், சன்னல்களுக்கு அப்பால் வளைகுடா. ஆள் தேர்வுப் பணியில் இருந்தவர் ஒத்தியேரோ ஒத்தியேரி என்ற எழுத்தாளர். அந்த அனுபவத்தை நாட்குறிப்பு வடிவில் ‘தொன்னருமா அல்லஸ்ஸால்தோ’ என்ற நாவலாக 1959இல் வெளியிட்டார். சில நூறு இடங்களுக்கு ஆயிரக்கணக்கில் மனுக்கள் வருகின்றன. உளவியல் சோதனை வைத்து ஆள் பொறுக்குகிறார் கதைசொல்லி. தொன்னருமா என்பவன் மட்டும் மனு எழுத மறுக்கிறான். அவனுக்கு வேண்டியது வேலை, விண்ணப்பம் அல்ல.

கௌரவ விரிவுரையாளர் தேர்வுக் குழு ஒன்றில் நாம் ஒருமுறை அமர்ந்திருக்கிறோம். இரண்டு இடங்கள்; தாழ்வாரம் நிறைய முனைவர்கள். ஆளுக்கு ஏழு நிமிடம். ஆகவே ஒத்தியேரியின் கதைசொல்லி படும் பாடு நமக்கு அயலானதாக இல்லை. அவர் கொடியவர் அல்லர். அவருடைய முதலாளியும் கொடியவர் அல்லர். கோமோவின் கதவுகளைப் போலன்றி, பொட்ஸுவோலியின் கண்ணாடி மனிதரை மதித்தே பொருத்தப்பட்டது. இவ்வேறுபாட்டைச் சிறிதென்று சொல்ல நாம் துணியமாட்டோம்.

அத்ரியானோ 1960 பிப்ரவரியில் ரயில் பயணத்தில் திடீரென இறந்தார். நான்கே ஆண்டுகளில் நிறுவனத்தின் பெருங்கணினிப் பிரிவு ஜெனரல் எலெக்ட்ரிக் கைக்குப் போனது. 2018இல் யுனெஸ்கோ இவ்ரேயாவை உலக மரபிடங்களில் சேர்த்தது. ஒத்தியேரியின் நாவலில் தொன்னருமா இன்னும் வாயிலில் நிற்கிறான். உள்ளே இருக்கும் தோட்டமும் குளமும் அங்கிருந்தே அவனுக்கு நன்றாகத் தெரியும்.